செண்பகவல்லி வீட்டுக் கம்ப்யூட்டர் குடிபோன வெள்ளிக்கிழமை

ஒரு ஊர் இருந்ததாம், அந்த ஊரில் ஒரு தெரு இருந்ததாம், தெருவின் கீழ்க்கோடியில் ஓட்டு வீடு ஒன்றும் மேல்கோடியில் மாடி வீடு ஒன்றும் இருந்ததாம், ஓட்டு வீட்டுக்குள்ளே பத்தொன்பது வருஷமாக ஒரே மேசையில் ஒரே திசையைப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்ததாம். ஊர் கோவில்பட்டி. தெரு, மில்லுக்குப் பின்னால் போகிற எங்கள் வாய்க்கால் தெரு. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

அந்தக் கம்ப்யூட்டரைச் சங்கரலிங்கம் வாங்கி வந்த அன்று தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. தூசி பட்டால் அதற்குக் காய்ச்சல் வரும் என்று யாரோ அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் செருப்போடு யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார், போட்ட சட்டத்துக்கு அவரே முதலில் கட்டுப்பட்டார். அவர் மனைவி செண்பகவல்லி தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்துப் போட்டாள். சாயங்காலம் சாமி படங்களுக்குக் காட்டிய சூடத்தட்டு, கம்ப்யூட்டர் முன்னாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்பும்.

சங்கரலிங்கம் டெலிபோன் லைன்மேன். லைன்மேன்களுக்கு ஒரு முறை உண்டு. கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியைச் சேர்த்து, இடுப்பில் தொங்குகிற போனைக் காதில் வைத்துக் குரல் கொடுத்துவிட்டால், மறுமுனையிலிருந்து பதில் வருகிற வரை இறங்கக் கூடாது, வெயிலானாலும் சரி, மழையானாலும் சரி. அந்த முறையை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார். "குடைய எடுத்து வச்சியா?" என்று கேட்டுவிட்டு நிலைப்படியில் நிற்பார், அவள் "வச்சாச்சு" என்று சொல்லாமல் ஒரு அடி நகர மாட்டார். "பதில் வராம எறங்க மாட்டாக எங்க வீட்டு லைன்மேன்" என்று அவள் தண்ணிக் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள், நாங்களும் சிரிப்போம்.

தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அவர்தான் போட்டோ எடுப்பார். எடுத்ததையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தார். போட்டோ எடுக்கிறவர்களுக்கு வாய்க்கிற குறை அவருக்கும் வாய்த்தது. ஆயிரக்கணக்கான படங்களில் ஊர் இருந்தது, அவர் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதத்தில் வேலைக்குப் போனவர், பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மாலை போட்டு வைக்க ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிசாக்க வேண்டியிருந்தது.

அந்தப் படம் சுவரில் இருந்ததால் முகம் செண்பகவல்லிக்கு மறக்கவில்லை. குரல்தான் போய்விட்டது. உடனே போகவில்லை, இரண்டு மூன்று வருஷம் வீட்டுக்குள்ளேயே புழங்கிக்கொண்டிருந்தது, பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து தேடிப் பார்த்தபோது இல்லை. அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் நினைவிருந்தன. சொன்ன விதம் நினைவில்லை.

அவர் இருக்கிற வீடியோ ஒன்றே ஒன்று அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. பத்தொன்பது நொடி ஓடும். மகள் யமுனா காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம், அவளோடு முகம் பார்த்துப் பேச ஒரு குட்டிக் கேமரா வாங்கி மானிட்டர் தலையில் கவ்வ வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க அவரே எடுத்தது. அதில் அவர் குனிந்து பார்ப்பார், சட்டைப் பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டிருக்கும், உதடு அசையும். பக்கவாட்டில் அடுப்படிப் பக்கம் திரும்புவார், மறுபடி உதடு அசையும். நிற்பார். நிற்பார். பிறகு யாரோ ஏதோ சொல்லிவிட்ட மாதிரி தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு நிமிர்ந்து போய்விடுவார்.

சத்தம் கிடையாது. அவர் போன வருஷமே கம்ப்யூட்டரும் ஊமையாகிவிட்டது. ஆளைக் கூட்டி வந்து சரி செய்யப் போய் இருக்கிறதும் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று செண்பகவல்லி ஒருவரையும் அதைத் தொடவிடவில்லை. அவர் என்ன சொன்னார் என்று பதினோரு வருஷமாக அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்து யோசித்தாள். அடுத்த வீட்டுப் பேச்சியம்மாளையும் உட்கார வைத்துக் காட்டினாள்.

"காப்பின்னுதான் மைனி கேட்டிருப்பாக அண்ணன்," என்றாள் பேச்சியம்மாள். "வேற என்னத்தக் கேப்பாக?"

"காப்பிக்கு உதடு ஒட்டும்ட்டி. மொதல்ல சொல்றதுல ஒட்டல பாரு."

அதைவிட அவளை அரித்தது அந்தத் தலையாட்டல்தான். பதில் வராமல் நகர மாட்டார் அந்த மனுஷர். அன்றைக்கு வீட்டில் அவளைத் தவிர ஆள் இல்லை. அவள் எதற்கும் பதில் சொன்னதாக நினைவும் இல்லை. அப்படியென்றால் யாருடைய பதிலுக்குத் தலையாட்டினார்?

இப்படி இருக்கையில் ஓட்டு வீட்டின் சொந்தக்காரர்கள் அதை விற்றுவிட்டார்கள், மாசக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள் என்று ஆனது. செண்பகவல்லி மேல்கோடியில் மாடி வீட்டுக் கீழ்ப்போர்ஷனைப் பிடித்தாள். பூனாவில் வேலை பார்க்கும் யமுனா அம்மாவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி அனுப்பினாள். மடித்தால் சிலேட்டு அளவுக்கு இருந்தது. அதே வாரத்தில் பழைய கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. பேச்சியம்மாள் அதைப் பல்லி என்று நினைத்து, கிழக்கே சொன்னால் நல்லது என்று பலன் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி பலன் பார்க்கக் காத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாவைக் கூட்டி வந்தாள்.

ஜெசிந்தா முப்பத்தைந்து வயசுக்காரி, கடகடவென்று பேசுகிறவள். வந்ததும் பெட்டியின் மேல் காதை வைத்து டாக்டர் மாதிரி கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அக்கா, ஹார்ட் டிஸ்க்கு சாகக் கெடக்கு. ஒரு தடவ படிக்கும். ரெண்டாம் தடவைக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். தூக்கி அசைச்சீங்கன்னா அந்த ஒரு தடவையும் கெடையாது. புதுச இங்க கொண்டாங்க, பக்கத்துல வச்சு மாத்திருவோம்."

"கொண்டாரவா?" என்று வாசலிலிருந்து பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள். "பால் காய்ச்சி, சந்தனம் குங்குமம் வச்சு, அந்த வீட்டுல ஏத்தியாச்சு. குடிபோன சாமானத் திரும்பப் பழைய வீட்டு வாசப்படி ஏத்துவாகளா யாராச்சும்?"

"யக்கா, அது சிலேட்டு கணக்கா இருக்கு. கக்கத்துல வச்சு எடுத்துட்டு வந்துரலாம்."

"சிலேட்டுன்னா என்ன, செக்குன்னா என்ன. வெளங்குமா வீடு?"

செண்பகவல்லி இரண்டு பேரையும் பார்த்தாள். அவளுக்கு இருப்பது ஒரு தடவை. அந்த ஒரு தடவையில் சகுனத்தடை என்று ஒரு சொல் விழுவதை அவள் விரும்பவில்லை. "பேச்சி சொல்றபடியே இருக்கட்டும்" என்றாள். பழசு நகரக் கூடாது, புதுசு திரும்பக் கூடாது. நடுவே எழுபது மீட்டர் தெரு. எங்கள் தெருவுக்கு டிவி லைன் கொடுக்கிற கேபிள்காரர் பால்பாண்டியைக் கூப்பிட்டு விட்டார்கள். அவர் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, தெரு ஓரத்தில் துருப்பிடித்து நின்ற பழைய டெலிபோன் கம்பங்களை அண்ணாந்து பார்த்தார். சங்கரலிங்கம் ஏறி இறங்கிய கம்பங்கள்.

"அண்ணன் கம்பம் சும்மாதான நிக்கு. கம்பத்துக்குக் கம்பம் இழுத்து ரெண்டையும் கோத்துருவோம்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். குடிபோகும்போது முதலில் விளக்குப் போக வேண்டும் என்பதால், கார்த்திகைக்குச் செண்பகவல்லியின் மாமியார் கையில் விளக்கோடு நிற்கிற படத்தை முதல் கோப்பாக வைக்கச் சொன்னாள் பேச்சியம்மாள். ஜெசிந்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பட்டனைத் தட்டினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு நெல் அளவுக்கு முளைத்தது. அப்போது ஓட்டு வீட்டுக்குள்ளிருந்து, செத்துப் பதினைந்து வருஷமான அந்த மாமியார், கையில் எரிகிற விளக்கோடு வெளியே வந்து, காற்றில் அணையாமல் முந்தானையால் சுடரை மறைத்துக்கொண்டு, வயருக்கு அடியிலேயே நடந்து, மேல்கோடி வீட்டுக்குள் வலது காலை வைத்துப் போனார்.

"வெளக்கு போயிருச்சு," என்றாள் பேச்சியம்மாள். "இனி மத்தவங்க போகலாம்."

மற்றவர்கள் வந்தார்கள். பன்னிரண்டு வயது யமுனா வந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பதிமூன்று வயது யமுனா வந்தாள், பின்னாலேயே பூப்புனித நீராட்டு மாலையோடு ஒருத்தியும் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு ஒருத்தியும் வந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சங்கரலிங்கம் சேர்த்து வைத்திருந்த பாட்டுகள் ஆளில்லாமல் காது உயரத்தில் மிதந்து போயின, போகிற வழியில் நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வரி முணுமுணுத்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு அவர் அடித்து வைத்த மனுக்கள் கோழிக்குஞ்சுகள் போலத் தரையோடு தரையாகச் சறுக்கிக்கொண்டு ஓடின. போட்டோவில் இருந்தவர்கள் பேசவில்லை. எடுத்த நேரத்துச் சிரிப்பு எப்படியோ அப்படியே நடந்தார்கள். வீடியோவில் இருந்தவர்கள் மட்டும் பேசினார்கள், அன்று பேசியதையே.

எங்கள் தெரு இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிபோகிற வீட்டுக்கு ஒத்தாசை செய்வது வழக்கந்தானே. மிதிபடாமல் இருக்கட்டும் என்று வாசல் கோலங்களுக்கு மேல் கூடையைக் கவிழ்த்தார்கள், நாய்களைக் கட்டிப்போட்டார்கள், வெயில் சுடுமே என்று ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரைத் தெருவில் தெளித்துவிட்டார்கள். மினிபஸ் டிரைவர் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி எட்டிப் பார்த்து, "ஏன்ணே, எறந்த வீடா, கல்யாண வீடா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் குடிபோகுது."

"அப்ப சரி, சுத்திப் போய்க்கிறேன்," என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பால்பாண்டி, கோடு போட்ட சட்டையும் நெற்றியில் விழுகிற முடியுமாகத் தன்னைத்தானே எதிரில் கண்டு கூடவே பத்தடி நடந்தார். "யாத்தீ, இம்புட்டு முடியா இருந்துச்சு எனக்கு? எங்க போச்சு?" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார். பேச்சியம்மாள் பந்திக் கூட்டத்தில் ஒரு தூக்குவாளியைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தாள். "மைனி! இது எங்க வீட்டுத் தூக்குவாளி! பதினாறு வருஷமாத் தேடுதேன். ஒங்க வீட்டு விசேஷத்துலதான் தொலைஞ்சிருக்கு!" செண்பகவல்லி சிரிக்கவில்லை. ஓட்டு வீட்டு வாசல் ஓரமாக நின்று, வெளியே வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரே அதுவரை ஏழு தடவை, ஏழு சேலையில், போய்விட்டிருந்தார். சங்கரலிங்கம் வரவில்லை.

"ஒங்க வீடியோ கடைசியிலதான்க்கா இருக்கு," என்றாள் ஜெசிந்தா ஜன்னலுக்குள்ளிருந்து. "தேதி வரிசைப்படி போகுது. பயப்படாதீங்க."

பத்தரைக்கு ஊர்வலம் நின்றது.

மேல்கோடி வீட்டு வாசலில், எட்டாவது மாமியார், அரக்குச் சேலையில், நிலைப்படிக்கு ஒரு அடி முன்னால் காலைச் சேர்த்து வைத்து நின்றுவிட்டார். பின்னால் வந்த யமுனாக்கள் நின்றார்கள், பந்திக்காரர்கள் நின்றார்கள், தெரு நெடுக ஒருவர் முதுகில் ஒருவர் இடிக்காமல் எல்லாரும் நின்றார்கள். திரையில் பச்சைக் கோடு அறுபத்தோரு சதவீதத்தில் அசையாமல் கிடந்தது.

"ஐயையோ, ஹேங் ஆயிருச்சா?" என்று ஜெசிந்தா பதறினாள்.

பேச்சியம்மாள் மணியைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம பத்தரை பன்னெண்டு. ராகுகாலம். அத்தை உசுரோட இருந்தப்பவே ராகுகாலத்துல புதுவீட்டுப் படி மிதிச்சதில்ல. செத்தப்புறமா மிதிக்கப் போறாக?"

"கம்ப்யூட்டருக்கு ராகுகாலமா? யக்கா, இங்க டிஸ்க்கு சும்மா சுத்திக்கிட்டுக் கெடக்கு. சூடாகுது. ஒன்றரை மணி நேரம் தாங்குமா எனக்குத் தெரியாது. கரண்டு ஒரு தடவ மினுக்குச்சுன்னா எல்லாம் முடிஞ்சிரும். போகச் சொல்லுங்க அவங்கள!"

"மாமியாரப் போகச் சொல்லி யாரு சொல்றது?" என்றாள் செண்பகவல்லி. அவ்வளவு கவலையிலும் அவளுக்கு அது சிரிப்பாக வந்தது. "ஒரு மாமியார் இருந்தப்பவே நான் சொன்னதில்ல. இன்னைக்கு எட்டு."

ஆகவே தெரு காத்திருந்தது. கரண்டு மினுக்கக் கூடாது என்று பால்பாண்டி வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மோட்டாரை நிறுத்தினார்கள், கிரைண்டரை நிறுத்தினார்கள், மிக்ஸியை, டிவியை, ஃபேனை நிறுத்தினார்கள், பாதி அரைத்த மாவு பாதியிலேயே நின்றது. ஒரு மேசை ஃபேன் மட்டும் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்துச் சுற்றியது. அவ்வளவு அமைதியாக எங்கள் தெரு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

நின்றவர்களில் வேப்பமரமும் இருந்தது. ரோட்டை அகலமாக்க ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெட்டிய மரம். சங்கரலிங்கம் எடுத்த படம் பாதி அதன் அடியில் எடுத்ததுதான். வேர்களைக் கொசுவம் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த அது, தெரு நடுவில், முன்பு நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டது. அதன் நிழல் விழுந்ததும் ஆட்கள் பேசிவைத்ததுபோல் எழுந்து அதற்குள் போனார்கள். டீக்கடையிலிருந்து டீ வந்தது, உயிரோடு இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல் எல்லாருக்கும். படத்தில் இருப்பவர்கள் குடிக்கவில்லை, ஆனால் ஆறிப்போகிற வரை மரியாதையாகக் கையில் வைத்திருந்தார்கள். பேச்சியம்மாள், இப்போது கத்தாரில் இருக்கும் தன் மகன் ஆறு வயதில் மூக்கொழுக நிற்பதைக் கண்டு, முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் துடைத்துப் பார்த்துவிட்டு, துடைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

செண்பகவல்லி கூட்டத்துக்குள் நடந்தாள். டிக், டிக் என்ற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. நடந்துகொண்டே இருந்தவள் ஒன்றைக் கவனித்தாள். நின்றவர்கள் எல்லாரும் முகத்தை ஒரே இடத்துக்குத் திருப்பியிருந்தார்கள். யமுனாக்கள், மாமியார், பந்தியில் நிமிர்ந்தவர்கள், மூக்கொழுகும் பையன், எல்லாக் கண்ணும் மூன்றாவது கம்பத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே யாரும் இல்லை. ஒரு நிழல் மட்டும் தரையில் நீண்டு கிடந்தது. திருச்செந்தூர்க் கடற்கரையில் எடுத்த படத்தில் மணலில் விழுந்த நிழல், முழங்கை இரண்டும் மடங்கி முகத்துக்கு நேரே எதையோ பிடித்திருக்கிற நிழல். அதற்குக் கால்மாட்டில் ஆள் இல்லை.

அவள் போய் அந்த இடத்தில் நின்றாள்.

அங்கே நின்று நிமிர்ந்தபோது அவர் எடுத்த எட்டு வருஷமும் அவளைப் பார்த்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்று இருந்தது அவளுக்கு. கூட்டத்துக்குள் அவளே பல பேராக நின்றாள். ஒருத்தி, சீக்கிரம் எடுங்க, அடுப்புல பால் இருக்கு என்கிற முகத்தோடு. ஒருத்தி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இன்னொருத்தி, மயில்கழுத்து நிறச் சேலை, முப்பத்தாறு வயது, வேப்பமரத்தில் சாய்ந்து, எதிரில் இருப்பவரைத் தவிர உலகத்தில் வேறு ஆளே இல்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படியா பார்த்தேன், தெருவில் வைத்து? அப்புறம், இந்தப் பார்வையை அவர் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று தோன்றியதும், பதினோரு வருஷமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தோளிலிருந்து இறங்கியது. ராகுகாலம் முடிகிற வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மில் சங்கு பன்னிரண்டுக்கு ஊதியது. எட்டாவது மாமியார் வலது காலை எடுத்து வைத்தார், ஊர்வலம் நகர்ந்தது, பச்சைக் கோடு அசைந்தது. ஆட்கள் போனார்கள், அவர்களோடு அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்கள் போயின, பேச்சியம்மாள் திரும்ப வாங்க முடியாத தூக்குவாளியும் போனது, மயில்கழுத்துச் சேலைக்காரி திரும்பிப் பார்க்காமல் போனாள். வேப்பமரம் கிளைகளை ஒடுக்கி, வயரில் படாமல் குனிந்து நடந்தது. அது வீட்டுக்குள் நுழைந்ததும் தெருவில் வெயில் ஓவென்று விழுந்தது.

"தொண்ணூத்தொம்பது," என்றாள் ஜெசிந்தா. "அக்கா, ஒண்ணு நிக்குது. கடைசி ஒண்ணு. படிக்க முடியலைங்குது. விட்டுட்டு முடிச்சிரவா, திரும்பத் தட்டவா?"

"தட்டு."

தட்டினாள். டிக், டிக்.

"முடியலைங்குது."

"தட்டும்மா."

மூன்றாம் தடவை தட்டியதும் முதலில் வெளியே வந்தது ஒரு சத்தம். மிக்ஸி சத்தம். ஆளில்லாமல் அதுமட்டும் கரகரவென்று வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, எங்கள் முன்னால் ஓடியது. தெரு முழுக்க மிக்ஸியை நிறுத்தியிருந்ததால் அது எங்கள் யார் வீட்டு மிக்ஸியும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. செண்பகவல்லிக்கு அது யாருடையது என்று தெரிந்தது. மூடி உடைந்து, கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சட்னி அரைத்த பழைய மிக்ஸி. அன்றைக்கு அடுப்படியில் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் என்ன கேட்டிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது. சத்தம் மேல்கோடி வரை ஓடி வீட்டுக்குள் புகுந்து அடங்கியது.

பிறகு ஓட்டு வீட்டு நிலைப்படியில் சங்கரலிங்கம் வந்து நின்றார். நீலச் சட்டை, பையில் டெஸ்டர், காலில் ரப்பர் செருப்பு. எதிரில் எதையோ பார்ப்பதுபோல் கொஞ்சம் குனிந்தார்.

"கேக்குதா?" என்றார்.

கொஞ்சம் கரகரப்பு; கடைசி எழுத்தைத் தூக்கி நிறுத்துகிற குரல்; கம்பத்து உச்சியிலிருந்து பேசிப் பேசி வீட்டுக்குள்ளும் அதே உயரத்திலிருந்து வந்துகொண்டிருந்த குரல். நாங்கள் எல்லாரும் அதை மறந்திருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் பக்கவாட்டில் திரும்பினார். செண்பகவல்லி அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"செம்பகம், கேக்குதா?"

நின்றார். நாங்கள் காத்திருந்தோம். அவர் படியிலிருந்து இறங்கவில்லை. அவள் அந்தக் குரலை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே டிக் டிக் என்பது டிக் என்றாகி, இடைவெளி விட்டு, இன்னொரு டிக் என்றானது.

"அக்கா, டிஸ்க்கு சுத்து கொறையுது," என்றாள் ஜெசிந்தா அழுகிற குரலில். "நிக்கப் போகுது. என்னன்னாலும் சீக்கிரம்."

"பதில் சொல்லுங்க மைனி," என்றாள் பேச்சியம்மாள் மெதுவாக. "சொல்லாம எறங்க மாட்டாக."

செண்பகவல்லி முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"கேக்குதுங்க," என்றாள். "நல்லாக் கேக்குது."

அவர் தலையை ஆட்டினார். சிரித்தார். பதினோரு வருஷமாக அவள் பார்த்த அதே தலையாட்டல், அதே சிரிப்பு. பிறகு படியிறங்கி, வயருக்கு அடியில் நடந்தார். வழியில் பழக்கதோஷமாக ஒவ்வொரு கம்பத்தின் தலையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டார், மூன்றாவது கம்பத்தடியில் கிடந்த நிழல் எழுந்து அவர் காலோடு சேர்ந்துகொண்டது. மேல்கோடி வீட்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்து, வலது காலை எடுத்து வைத்து, உள்ளே போனார்.